ரெட்டைச் சடையின் பதினோரு நிமிஷம்

8 ஜூலை 2025, செவ்வாய்

இயற்பியல் டெஸ்டில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

வேதியியல் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்திலிருந்து இதை எழுதிக்கொண்டு வருகிறேன். அப்பா என் பையைப் பார்த்தாலும் ரெக்கார்டு நோட்டைப் பின்னாலிருந்து திறக்க மாட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படி விளக்கு ஒன்று போதும்.

இன்றைக்கு எழுதியே ஆக வேண்டிய விஷயம் வேறு. ரெட்டைச் சடைக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது.

"ப்ரோ, உங்க பால்கோவா ட்ராக்கை இருவது தடவை கேட்டுட்டேன். ராஜபாளையத்துல ஒரு படம் எடுத்து முடிச்சிருக்கேன். ஃபீச்சர் ஃபிலிம். அதுக்கு நீங்க மியூசிக் பண்றீங்களா? கௌதம்ராஜ், டைரக்டர்."

ரெட்டைச் சடை என்றால் நானும் என் கிளாஸ் மாரிச்செல்வியும்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பால்கோவா கிண்டுகிற கரண்டி இரும்புச் சட்டியில் உரசுமே, அதை எடுத்து, மெதுவாக்கி, அடியில் கனமாக ஒரு பேஸ் கொடுத்து இன்டர்நெட்டில் போட்டோம். பேர் இல்லை, முகம் இல்லை. எங்கள் சடை நுனிகளை மட்டும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் போட்டிருந்தோம். பார்ப்பதற்குக் கயிறு மாதிரி இருக்கும்.

சந்தோஷமா பயமா தெரியவில்லை.

9 ஜூலை, புதன்

சாப்பாட்டு நேரத்தில் மாரிச்செல்வியிடம் சொன்னேன். அவள் வாயில் புளியோதரை இருக்கும்போது சொல்லியிருக்கக் கூடாது. இருமி இருமிக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏட்டி, ஃபீச்சர் ஃபிலிம்னா? தியேட்டர்ல ஓடுமே, அதா?"

"அதான்."

"இன்டர்வெல்லுல பப்ஸ் விப்பாங்களே, அம்புட்டு பெரிய படமா?"

"அதான்டி."

"நம்மளப் போயி ப்ரோங்கான். கூறு இருக்கா அவனுக்கு?"

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"உங்கப்பாவுக்கு எப்படிட்டி தெரியும்? அவரு பாட்டுக்குக் கோர்ட்டு வாசல்ல டைப் அடிச்சிக்கிட்டு இருக்காரு."

ராத்திரி அம்மாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அண்ணன் லேப்டாப்பில் பதில் எழுதினேன். ரோஷன் அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். வேலைக்குக் கோயம்புத்தூர் போகும்போது பாடம் பார்க்கச் சொல்லி எனக்கு விட்டுப் போனான். நாற்பது நிமிஷம் யோசித்து எழுதிய பதில் இதுதான்:

"ஓகே ப்ரோ."

13 ஜூலை, ஞாயிறு

காலையில் ஆராதனையில் நான்தான் கீபோர்டு வாசித்தேன். அப்பா ஆண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். வெளியே வந்ததும் யாரோ "தேவநேசன், பிள்ளை நல்லா வாசிக்கு" என்றதும் காது வரைக்கும் சிரிப்பு.

அப்பா கெட்டவர் இல்லை. அதை எழுதி வைக்க வேண்டும். பயத்தில் அநியாயமாக எழுதிவிடக் கூடாது.

போன வருஷம் காலாண்டில் நான் இயற்பியலில் ஃபெயில். அன்றைக்குத்தான் அப்பா என் போனைத் திறந்து பார்த்தார். இருநூற்றுப் பதினாலு ரெக்கார்டிங். மோட்டார் பம்பு, பஸ் கதவு, சோடா மூடி. எங்கள் கடை ஜெராக்ஸ் மெஷின் மட்டும் பதினாறு. "இது என்ன கிறுக்குத்தனம் எப்சி?" என்றார். போன் போயிற்று. "இன்னொரு தடவைன்னா ஹாஸ்டல்தான். மாரிச்செல்வி சகவாசமும் அத்தோட முடிஞ்சது."

சும்மா சொல்லவில்லை. நாசரேத்துப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்து ஃபாரம், கடை மேஜை டிராயரில் இருக்கிறது. என் பேர், பிறந்த தேதி, எல்லாம் டைப் அடித்து முடித்திருக்கிறார். தேதி மட்டும்தான் பாக்கி. அப்பா அடித்தால் ஒரு பிழை இருக்காது.

19 ஜூலை, சனி

படம் வந்துவிட்டது. முழுப் படமும் இல்லை, பதினோரு நிமிஷம்.

படத்தின் பேர் 'அரை நைட்'. மில்லில் சாயங்காலம் நாலு மணிக்குப் போய் நடுச்சாமம் பன்னிரண்டுக்கு முடிகிற ஷிப்டுக்கு இங்கே அதுதான் பேர். ஒருத்தி அரை நைட் முடித்துவிட்டு வெளியே வருகிறாள். மில் வேனைத் தவறவிட்டு, தனியே நடந்தே வீடு போய்ச் சேருகிறாள். பேச்சே கிடையாது. மில் சத்தம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வீட்டு வாசலில்தான் அது விட வேண்டும் என்று கௌதம்ராஜ் எழுதியிருக்கிறார்.

"இந்தப் பதினோரு நிமிஷம் சரியா வந்தா மொத்தப் படமும் உங்களுக்கு ப்ரோ. வரலைன்னா சென்னையில ஒருத்தர் ரெடியா இருக்காரு."

பதினோரு நிமிஷம். எங்கள் பெரிய ட்ராக்கே மூன்று நிமிஷம்தான்.

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரத் தேரோட்டம். ஜில்லாவுக்கே லீவு. குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஊரே தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஒருத்தி மட்டும் காலி பஸ்ஸில் ராஜபாளையத்துக்கு, மாரிச்செல்வி வீட்டுக்குப் போனேன்.

மில்லுக்குள் எங்களை விட மாட்டார்கள். மாரிச்செல்வியின் அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறார், ஆனால் அவரிடம் கேட்டால் எதற்கு என்று கேட்பார். அதனால் சத்திரப்பட்டிக்குப் போனோம். மாரிச்செல்வியின் மாமா பால்ச்சாமிக்கு அங்கே எட்டு விசைத்தறி. ஆஸ்பத்திரிக்குப் போகிற கட்டுத்துணி நெய்கிறார்.

"மாமா, தறிச் சத்தம் கொஞ்சம் எடுத்துக்கிடட்டா?"

"கொஞ்சம் என்ன கொஞ்சம்? அம்புட்டையும் எடுத்துட்டுப் போ தாயி. நான் இன்னைக்காச்சும் தூங்குவேன்."

தடக் தடக் தடக் தடக். என்ன ஒரு தாளம்! எட்டுத் தறியும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி. மாரிச்செல்வி போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தறிக் கட்டை மேல் விரலை வைத்துப் பார்த்தேன். பல் வரைக்கும் அதிர்ந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தோம். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அனுப்பிவிட்டோம்.

4 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை.

5 ஆகஸ்ட்

ஒன்றும் வரவில்லை. மாரிச்செல்வி தன் நகத்தை முடித்துவிட்டு என் நகத்தைப் பார்க்கிறாள்.

6 ஆகஸ்ட், புதன்

"ப்ரோ. எடிட் ரூம்ல எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டோம். படம் உங்களுதுதான்."

தலையணையில் வாயை வைத்துக் கத்தினேன். அம்மா "என்னட்டி?" என்றாள். கொசு என்று சொன்னேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ராத்திரி இட்லி சாப்பிடும்போது அப்பா நல்ல உற்சாகத்தில் இருந்தார். "நம்ம கடைக்கு சினிமாக்காரன்லாம் வர ஆரம்பிச்சாச்சு" என்றார் அம்மாவிடம். "மகாராஜபுரத்துப் பையன் ஒருத்தன் படம் எடுத்திருக்கானாம். வக்கீல் தனுஷ்கோடி சார் கூட்டிட்டு வந்தார். மியூசிக் போடுறவங்களோட அக்ரிமெண்ட் அடிக்கணுமாம். ரெண்டு பேராம். அவனுகளுக்குப் பேரு என்னன்னு நெனைக்க?"

"என்னதாம்?"

"ரெட்டைச் சடை!" அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தடிப் பயலுக ரெண்டு பேரு, வச்சிருக்க பேரப் பாரு! ஒருவேளை முடி வளத்திருப்பானுகளோ?"

அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே.

கோர்ட்டுக்கு எதிரே எத்தனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஏன் எங்க கடை? ஆண்டவரே, ஏன் எங்க கடை?

அக்ரிமெண்டில் பேருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறாராம்.

9 ஆகஸ்ட், சனி

இன்று வேறு ஒரு இடி.

இரண்டாம் சனி லீவு. மாரிச்செல்வி வீட்டில் இருந்தோம். அவள் அம்மா சுடலையம்மாள் அத்தை முழு நைட் பார்த்துவிட்டு வந்து உள்ளே தூங்குகிறார் என்று நினைத்து, பதினோரு நிமிஷத்தைப் படத்தோடு ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு குரல்.

"எவட்டி அது, மில்லுக்குள்ள தறியக் கொண்டுபோயி வச்சவ?"

மில்லில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். அத்தை கொண்டையை முடிந்துகொண்டே ஸ்கிரீனைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளை மில்லு கேட்டுல இருந்து வருது. நூல் நூக்கிற மில்லு. அங்க தறி ஏது? தறி துணி நெய்யுற எடத்துலல்லா இருக்கும்? எங்க மில்லுக்காரிக இதப் பாத்தா சிரிச்சே செத்துருவாளுக. அழுகுற சீனாட்டி இது?"

"இல்ல அத்தை, ஒரு தாளத்துக்காகத்தான் நாங்க…"

சொல்லி முடிப்பதற்குள் மாரிச்செல்வி என் காலை மிதித்தாள். லேட்.

"நாங்களா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்க போட்டதா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். அடி விழும் என்று நினைத்தேன். அத்தை தரையில் உட்கார்ந்தார். "அவனும் ராஜபாளையத்துல படம் எடுக்கான், நீங்களும் இங்கனதான் இருக்கிய. மூணு பேருக்கும் மில்லுக்கும் தறிக்கும் வித்தியாசம் தெரியல" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

பஸ் ஸ்டாப்பில் மாரிச்செல்வி சொன்னாள்: "அவருதான் எந்திரிச்சு நின்னாரே. அப்படியே விட்டுருவோம்டி."

விட்டுவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? மில்லில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் தெரியும். யாரைப் பற்றிப் படமோ அவர்கள் சிரிப்பார்கள்.

புதிதாகப் போட வேண்டும்.

15 ஆகஸ்ட், வெள்ளி

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு நேரே மாரிச்செல்வி வீடு. மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் அத்தையிடம் சத்தம் எப்படி இருக்கும் என்று சொல்லச் சொன்னோம்.

"அது தடக்கு புடக்குன்னு இருக்காது. ஒரே இழுப்பு. நூல் நூக்கிற ரிங் ஃப்ரேம் ஓடுதுன்னா விடிய விடிய ஒரே இழுப்பு. செத்த நேரத்துல சத்தம் இருக்கதே மறந்துரும். நூல் சுத்துற கண்டு நெறஞ்சதும் மிசினை நிப்பாட்டுவாங்க. டாஃப்னு சொல்லுவோம். நெறஞ்ச கண்ட உருவிட்டு வெறுங்கண்டு சொருகணும், கையி பறக்கும். அந்த நேரத்துலதான், அடப்பாவி, இம்புட்டுச் சத்தத்துலயா நின்னோம்னு தோணும்."

"அந்த இழுப்பு எப்படி அத்தை? வாயால செஞ்சு காட்டுங்க."

"போட்டி, எனக்கு வெக்கமா இருக்கு."

மாரிச்செல்வி காலி எவர்சில்வர் குடத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அத்தை வெட்கப்பட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, கடைசியில் குடத்துக்குள் வாயை வைத்து "ம்ம்ம்" என்று இழுத்தார். என் கை மயிர் எல்லாம் எழுந்து நின்றது. குடம் அதை உருட்டி உருட்டிப் பெரிதாக்கியது. அடியில் மனுஷக் குரல், மேலே இரும்பு. அத்தைக்கே ஆச்சரியம். "ஏ, நம்ம மில்லுல்லா இது!"

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. நூல் அறுந்தால் வருகிற சின்னக் கீச்சை நாக்கால் செய்தார். கண்டு உருவுகிற சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஸ்கெட்ச் பேனாக்களை டப்பாவிலிருந்து சரசரவென்று உருவினார். மில்லில் கண்டு உருவும்போது கை எப்படிப் போகுமோ அப்படியே போனது, கண்கூடப் பார்க்கவில்லை. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தார், அந்தப் பெண் நடக்கிற நடைக்காக. "வேலை முடிச்சு வாரவ இம்புட்டு வேகமா நடக்க மாட்டா" என்று தானே திரும்பி வந்து மறுபடி நடந்தார்.

டாஃபுக்கு மிசின் நிற்கிற இடத்தை, படத்தில் அந்தப் பெண் வழியில் கடக்கிற பாலத்தின் மேல் வைத்தோம். அவள் அங்கே நிற்கிறாள், தலைக்குள் ஓடுகிற மில்லும் நிற்கிறது. நாலு செகண்ட் முழு அமைதி. அப்புறம் மறுபடி எடுக்கும்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

புதிய பதினோரு நிமிஷத்தை அனுப்பிவிட்டோம். "பழசு தப்பு ப்ரோ, அது தறி. இதுதான் மில்" என்று எழுதினேன். இதற்குப் பயந்ததுபோல் எதற்கும் பயந்ததில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

பதில் வந்தது. ஒரே வரி.

"ப்ரோ, உங்களுக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட்டா?"

19 ஆகஸ்ட், செவ்வாய்

அனுப்பின ட்ராக்கின் கடைசியை வெட்டவில்லை. வெட்டவே இல்லை! பாட்டு முடிந்து இருபது செகண்ட் கழித்து அத்தையின் குரல் அப்படியே இருக்கிறது: "போதும்ட்டி, மொளகா அரைக்கணும். ரெண்டு பேரும் போயிப் படிங்க, கெமிஸ்ட்ரி டெஸ்ட்டுங்கீக."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வைத்து மாரிச்செல்வியின் போனில் கௌதம்ராஜ் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"எத்தனாவது படிக்கீங்க?"

"ப்ளஸ் டூ சார்."

போச்சு என்று நினைத்தேன். அப்புறம் சிரிப்புச் சத்தம். "உங்க ரெண்டு பேரையும் தாடி வச்ச ஆளுகன்னு நெனச்சு ப்ரோ ப்ரோன்னு… தப்பா எடுத்துக்காதீங்கம்மா." பிறகு சொன்னார்: "எங்க பெரியம்மா மில்லுல இருந்தவங்க. அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். ரெண்டாவது நிமிஷத்துல கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. பழசை அழிச்சிட்டேன். இதுதான் படம்."

மாரிச்செல்வி பஸ் ஸ்டாண்டிலேயே குதித்தாள்.

"ஆனா ஒண்ணு. நீங்க மைனர். வீட்டுல பெரியவங்க கையெழுத்துப் போட்டாத்தான் அக்ரிமெண்ட் செல்லும். மாசக் கடைசிக்குள்ள வேணும், ப்ரொட்யூசர் அதுக்கு மேல காத்திருக்க மாட்டாரு. அப்பா பேரு, விலாசம் எல்லாம் எழுதி அனுப்புங்க, வக்கீல்ட்ட கொடுத்துடுறேன்."

மாரிச்செல்விக்கு அத்தை இருக்கிறார். எனக்கு?

20 ஆகஸ்ட், புதன்

எழுதி அனுப்பிவிட்டேன். அப்பா பேரையும். வேறு என்ன செய்வது? நானே சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

21 ஆகஸ்ட்

நாளைக்கு.

22 ஆகஸ்ட்

அப்பா சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். "என்ன?" என்றார். "சாம்பார்" என்றேன்.

23 ஆகஸ்ட், சனி

தூக்கம் வராது. எழுதிவிடுகிறேன்.

வக்கீல்கள் கையால் எழுதித் தருகிற டிராஃப்டை ஒருத்தர் வாசிக்க, அப்பா டைப் அடிப்பார். எப்போதும் கடையில் வேலை பார்க்கிற பாண்டிசெல்வி அக்காதான் வாசிப்பார். அவருக்கு இன்று வீட்டில் விசேஷம். திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வேண்டியது மலைபோல் கிடந்தது. "எப்சி, செத்த நேரம் வந்து வாசி" என்று கூப்பிட்டுவிட்டார்.

இரண்டு வாய்தா மனு, ஒரு பாகப்பிரிவினை, ஒரு வாடகை ஒப்பந்தம். மூன்று பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். ஐந்தாவது தாளை எடுத்தேன். 'அரை நைட் திரைப்பட இசை ஒப்பந்தம்.' மைனர் என்பதால் தனுஷ்கோடி சார் கையால் புதிதாக எழுதியிருந்தார்.

"ம், வாசி."

வேறு பேர் வாசித்திருக்கலாம். வாயில் வந்த ஏதோ ஒரு பேர். அப்பா அடித்துவிட்டுப் போயிருப்பார். அந்த நினைப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது என் பேர். நாங்கள் போட்ட இசை. அதற்குப் பக்கத்தில் வேறு ஒருத்தியை எப்படி உட்கார வைப்பது?

வாசித்தேன். "ராஜபாளையம், காலஞ்சென்ற கருத்தையா மகள், மைனர் மாரிச்செல்வி, வயது பதினேழு, அவருக்காகத் தாயாரும் காப்பாளருமான சுடலையம்மாள்."

டக டக டக டக. "ம்."

"ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம்…"

டக டக. "ம்."

"தேவநேசன் மகள்…"

டக டக.

"மைனர் எப்சி. வயது பதினேழு. அவருக்காகத் தகப்பனாரும் காப்பாளருமான தேவநேசன்."

டக டக டக டக. "ம், அடுத்து?"

அடித்துவிட்டார்! முழுதும் அடித்துவிட்டார். அப்பா எப்போதும் சொல்வார், டைப் அடிக்கிறவனுக்கு எழுத்துதான் கைக்குப் போகும், அர்த்தம் மண்டைக்குப் போகாது என்று. நான் மிச்சம் பதினாலு ஷரத்தையும் வாசித்து முடித்தேன். என் குரல் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி கேட்டது.

பிரிண்ட் எடுத்தார். மர ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்து வைத்துப் பிழை பார்ப்பது அவர் வழக்கம். ஸ்கேல் ஒரு வரி இறங்கியது. இன்னொரு வரி. அப்புறம் இறங்கவில்லை.

பெஞ்சில் இருந்த ஒருத்தர் "அண்ணாச்சி, நம்மளுது?" என்றார். அப்பா காதில் விழவில்லை.

"இந்தத் தேவநேசன்… நானா?"

"ஆமாப்பா."

"இது?"

"நான்."

என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தோளுக்கு முன்னால் கிடந்த என் இரண்டு சடையையும் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்தது வாசி" என்றார். நான் வாசித்தேன். அவர் அடித்தார். முதல் தடவையாக அப்பா அடித்ததில் இரண்டு பிழை.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அப்பாவும் உள்ளே பேசுகிற சத்தம் கேட்கிறது. என்ன பேசுறாங்க? ஹாஸ்டலா? ஏன் இவ்வளவு மெதுவாப் பேசணும்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். ஷட்டரைப் பாதி இறக்கினார். "லேப்டாப்பைக் கொண்டு வந்தியா? போடு, கேப்போம்."

படத்தைக் காட்டவில்லை, அதற்கு டைரக்டர் அனுமதி வேண்டும். கதையும் சொல்லவில்லை. கடை ஸ்பீக்கரில் சத்தத்தை மட்டும் ஓடவிட்டேன். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குடம், செருப்பு, பாலம், அமைதி, மறுபடி குடம். பதினோரு நிமிஷமும் நான் அவர் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்தது. அப்பா நிமிர்ந்தார்.

"அந்தப் பொம்பளை வீடு போயிச் சேந்துட்டாளா?"

"எந்தப் பொம்பளைப்பா?"

"நடந்து போனால்லா. தனியா. வேலைக்குப் போயிட்டு வாரவ மாதிரி இருந்துச்சு."

அழுதுவிட்டேன். அப்பா பதறிப்போய், "ஏ, நான் ஒண்ணும் சொல்லலையே! வைய்யலையே!" என்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எங்கிட்ட மறச்சது தப்பு. அது தப்புதான். இயற்பியல்ல முக்கால்வாசி மார்க்கு வாங்கணும். அதுக்குக் குறைஞ்சா லேப்டாப்பு எங்கிட்ட வந்துரும்." பிறகு பையிலிருந்து அக்ரிமெண்டை எடுத்து விரித்தார். "அது கெடக்கட்டும். இந்த ஆறாவது ஷரத்து எனக்குப் பிடிக்கலை."

30 ஆகஸ்ட், சனி

கையெழுத்துப் போட்டாயிற்று! நடந்த கூத்தை எழுத வேண்டும்.

கௌதம்ராஜ் வந்திருந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அண்ணன் வயதுதான் இருக்கும். சுடலையம்மாள் அத்தை மில்லில் லீவு சொல்லிவிட்டு, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்பா டைப் அடிக்கிற நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"தம்பி, ஆறாவது ஷரத்தை மாத்தாம நான் பிரிண்ட் எடுக்க மாட்டேன். பிள்ளைகள் பேரு கடைசியில கூட்டத்தோட கூட்டமா ஓடும்னு போட்டிருக்கு. தனியா ஒரு கார்டுல வரணும். ஆரம்பத்துல."

"சார், நீங்க டைப்பிஸ்டாப் பேசுறீங்களா, கார்டியனாப் பேசுறீங்களா?"

"ரெண்டு பேரும் ஒரே சேர்லதான் உக்காந்திருக்கோம்."

கௌதம்ராஜ் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார். அப்பா விடவில்லை. "பொறவு, குரல் கொடுத்த இந்த அம்மா பேரு எங்க? அதையும் சேர்க்கணும்."

அத்தை பதறினார். "ஐயோ சார், கொடத்துக்குள்ள ம்ம்முன்னதுக்குப் பேரா?"

"ம்ம்முன்னதுதாங்க படமே" என்றார் கௌதம்ராஜ்.

அத்தை நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அப்பா அடுத்து. என்னையும் மாரிச்செல்வியையும் சாட்சி மாதிரி ஓரத்தில் நிற்க வைத்தார்கள். மாரிச்செல்வி என் சடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஹாஸ்டல் பேச்சை யாருமே எடுக்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

காலாண்டு லீவு முழுவதும் மாரிச்செல்வி வீட்டில் மிச்சப் படத்துக்கு வேலை. இனி இன்னும் இரண்டு சீன்தான். இயற்பியல் எழுபதுக்கு ஐம்பத்து மூன்று. முக்கால்வாசிக்கு அரை மார்க் கூடுதல். அப்பா கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

11 ஜனவரி 2026, ஞாயிறு

ராஜபாளையத்தில் பிரிவியூ. மத்தியானம் இரண்டு மணி.

அத்தை தன் ஷிப்டுக்காரிகள் இருபது பேரைக் கூட்டி வந்துவிட்டார். இரண்டு வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். தியேட்டருக்குள்ளும் கத்தித்தான் பேசினார்கள். "ஏ சுடலை, நீ எப்ப வருவ?" "நான் வர மாட்டேன்டி, என் சத்தம்தான் வரும்!" "அதான் தெனமும் கேக்கமே, அதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

பேர் வந்தது. தனிக் கார்டு. 'இசை: ரெட்டைச் சடை. மாரிச்செல்வி, எப்சி.' அதற்கு அடியில், 'குரல்: சுடலையம்மாள்.' இரண்டு வரிசையும் எழுந்து நின்று விசில் அடித்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுத்தெழுத்தாக வாசித்தார், பிழை பார்க்கிறவர் மாதிரி.

பதினோரு நிமிஷம் வந்தபோது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை. அந்த வரிசைகளைத்தான் பார்த்தேன். குடத்துச் சத்தம் எழுந்ததும் பேச்சு நின்றது. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பாலத்துக்கு வந்து நின்றாள். சத்தம் பட்டென்று நின்றது. அப்போது இருட்டில் ஒரு கை உயர்ந்ததைப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்று. கண்டு உருவுவதற்குப் போகிற கை. அவர்களுக்கே தெரியாமல் போகிறது. ஒருத்தி தன் கையைப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்துக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். அதற்குள் மிசின் மறுபடி எடுத்துவிட்டது.

முடிந்து வெளியே வந்தால் ஒரே கூட்டம், ஒரே சத்தம். மாரிச்செல்வியைத் தூக்கிச் சுற்றினார்கள். என் கன்னத்தைக் கிள்ளிக் கிள்ளி இப்போதும் எரிகிறது.

பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கூட்டம் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"எப்சி, நல்லா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான். பாலத்துல நிப்பாட்டின இடம். இன்னும் செத்த நேரம் விட்டிருக்கலாமோன்னு தோணுச்சு."

நான் நாலு செகண்ட்தான் விட்டிருந்தேன். மாரிச்செல்வி அப்போதே கூட வை என்றாள். தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டது என்று யாராவது எழுந்து கத்திவிடுவார்களோ என்று பயந்துதான் நாலோடு நிறுத்தினேன்.

அப்பா சொன்னது சரி. பத்து விட்டிருக்கலாம்.